பொலிஸ் நிலையத்துப் பாற்சோறு

கண்டியில் மகளுக்கு என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், அம்மா "கம்பசிலை" என்று மட்டும் சொல்லிக் கதையை மாற்றிவிடுவார். மேலே சொன்னால்தான் சங்கடம். ஊசிப்போன தயிர், மூன்று நாள் கிடந்த மீன்குழம்பு, சிலவேளை முன்பின் தெரியாதவர்களின் வாந்தி, இவற்றையெல்லாம் சின்னப் போத்தல்களில் அடைத்து உள்ளே என்ன கிருமி இருக்கிறது என்று தேடுவதுதான் என் உத்தியோகம். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், வேலை விபரத்தைக் கேட்டதும், நான் கொடுத்த தேத்தண்ணீரைத் தொடாமலே எழுந்து போனார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. அன்று பால் திரைந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். ஊருக்குப் போகும் பாதை பாதி நாள் பூட்டு, மீதி நாள் குண்டு. நான் கண்டி நகரத்துக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். நான் தேடிய கிருமி பெரிய சூரன் ஒன்றுமில்லை. பலருடைய மூக்குக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருப்பது. சீழ் வைத்த புண், நகச்சுற்று என்றால் அதற்குக் கொண்டாட்டம். அங்கிருந்து ஒரு விரல் வழியாகச் சோற்றுக்குள் இறங்கி, ஆறேழு மணி நேரம் வெக்கையில் கிடந்தால் நஞ்சைச் சுரந்து வைக்கும். பிறகு அந்தச் சோற்றைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சாப்பிட்டவர் பின்னேரத்துக்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்து, நான் செத்தேன் என்று உயில் எழுதி, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ எழுந்து வேலைக்குப் போவார். இந்தக் கிருமிதான் என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்கு ஐந்து நாள் எடுத்தது. அதை இரண்டு நாளாகக் குறைக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

கிருமி வளர உடம்புச் சூடு வேண்டும். அதற்கென்று ஒரு சூட்டுப் பெட்டி இருந்தது. ஆனால் அந்த வருடம் மழை பொய்த்து, நாடு முழுக்க ஒரு நாளில் பல மணி நேரம் கறண்ட் இல்லை. பெட்டி ஆறிப்போனால் கிருமியும் சோம்பல் பட்டுவிடும். ஆகவே கிருமிக் குழாய்களைத் துணியில் சுற்றி என் இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு திரியப் பழகினேன். என் உடம்பு என்னிடம் சோறு கேட்டதே தவிர, மின்சார சபையை எதிர்பார்க்கவில்லை.

இடுப்பில் எதையாவது கட்டிக்கொண்டு திரிகிற தமிழ்ப் பெண்ணுக்கு அந்த வருடங்களில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அது ஒருநாள் பாலத்தடிச் சோதனைச் சாவடியில்தான் உறைத்தது. பெண் கொன்ஸ்டபிளின் கை என் இடுப்பைத் தொட்டதும் அப்படியே நின்றது. அவளுடைய முகம் வெளுத்ததைப் பார்த்து என்னுடையதும் வெளுத்தது. "கிருமி, கிருமி" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். அவள் கையை உதறிக்கொண்டு நாலடி பின்னால் பாய்ந்தாள். குண்டு என்றிருந்தால் அவ்வளவு தூரம் பாய்ந்திருப்பாளோ தெரியாது. பிறகு எங்கள் ஆய்வுகூடத்துப் பேராசிரியர் வந்து கையெழுத்துப் போட்டு என்னை மீட்டுக்கொண்டு போனார். நல்ல மனிதர், சிங்களவர், பயந்த சுபாவம். வழிநெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அது நடந்து சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை பி.எச்.ஐ. வந்தார். பி.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். முன்னறிவிப்பில்லாமல் சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள் நுழைந்து மூடியைத் திறந்து பார்ப்பவர். அலவத்துகொடப் பக்கத்து முஸ்லிம் ஆள். இவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே தெருவில் உள்ள கடைக்காரர் அத்தனை பேரும் மேசை துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். கையில் ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டியோடு வந்து என் மேசையில் வைத்தார்.

"மிஸ், பெரிய சிக்கல் ஒண்டு ஈக்குது. பொலிஸ் முழுக்க வாந்தி."

"எந்தப் பொலிஸ்?"

"எங்கட பக்கத்துப் பொலிஸ்தான். ஓ.ஐ.சி., சார்ஜன்ட், கொன்ஸ்டபிள்மார், கொழும்பிலீந்து வந்த பெரிய ஐயா, எல்லாரும் சரிஞ்சிட்டாங்க. நேத்து கிரிபத் தின்னது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒவ்வொரு நாளும் என் அடையாள அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் வரிசையாகக் கக்கூசுக்கு ஓடுவதை நினைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் வராது.

"சிரிக்காதீங்க மிஸ்" என்றார். "சமைச்ச மனிசனப் புடிச்சு உள்ளுக்குப் போட்டீக்கிறாங்க. தமிழாள். நஞ்சு போட்டதாம். புலியாம்."

சிரிப்பு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். நிலையத்துக்குப் புதிதாக ஒரு கட்டடம் கட்டித் திறப்புவிழா வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம் என்றால் கிரிபத் வேண்டும். தேங்காய்ப் பாலில் சோற்றைக் குழைய வேகவைத்து, தட்டுகளில் கொட்டி, தட்டையாக அமுக்கி, ஆறியதும் துண்டு போடுவது. அந்தப் பக்கத்தில் கிரிபத்துக்குக் கைராசியான ஆள் நாவலப்பிட்டித் தோட்டமொன்றிலிருந்து வந்து கலியாண வீடுகளுக்குச் சமைக்கிற ஒரு மலையகத் தமிழர். சிங்களச் சோற்றைத் தமிழன் கையால் சாப்பிடுவதில் அதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. விடிவதற்கு முன்பே சமைத்து முடித்துவிட்டார். எட்டு மணிக்கு வருவதாக இருந்த கொழும்புப் பெரியவர் வந்து சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. அதுவரை கிரிபத் தட்டுகள் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்கு முதல் வாந்தி. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை.

நம்முடைய சமையல்காரர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாவலப்பிட்டி பஸ் ஏற நடந்துகொண்டிருந்தார். வேலை முடிந்தால் பானையைக் கழுவி வைத்துவிட்டுப் போவது அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு மானப் பிரச்சினை. அதுதான் வினையாகப் போயிற்று. சாட்சியத்தை அழித்துவிட்டுத் தப்பியோடப் பார்த்தவர் என்று பிடித்து இழுத்து வந்தார்கள். கழுவாமல் போயிருந்தால் அழுக்குப்பயல் என்று பேசியிருப்பார்கள், அடிபடாமலாவது வீட்டுக்குப் போயிருப்பார்.

பெட்டிக்குள் பி.எச்.ஐ. கொண்டுவந்தது தட்டுகளில் மிஞ்சிய கிரிபத்தும், யாரோ ஒரு சார்ஜன்ட் மனமுவந்து கொடுத்த வாந்தியும். அதில் என் கிருமி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நோயின் நேரக் கணக்கே அதைத்தான் சொன்னது. இருந்தால் நஞ்சு வைத்த கதை அடிபட்டுப்போகும். ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்கு, எவரும் கை வைப்பதற்கு முந்திய கிரிபத் கொஞ்சம் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆராய்ச்சி, இல்லாவிட்டால் அது சாத்திரம் பார்ப்பது.

"பானையிலை ஒட்டினது கொஞ்சமாவது இருக்கோ?" என்று கேட்டேன்.

"செல்றேனே மிஸ், மொகம் பாக்கலாம், அப்பிடிக் கழுவி வெச்சீக்கிறார்."

ஆகவே நான் நேரில் போனேன். பி.எச்.ஐ.யின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பெட்டியோடு. தமிழ்ப்பெட்டை ஒருத்தி முஸ்லிம் ஆளோடு மோட்டார்சைக்கிளில் போகிறாள் என்ற செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, ஒரு மாதம் வரை ஓய்வில்லாமல் சுற்றித் திரிந்தது.

பொலிஸ் நிலையத்து வாசலில் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்ததை ஒளிக்க விரும்பவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் குடும்பம் பட்டது போதும் போதும் என்று இருந்தவள் நான். காக்கிச் சட்டை கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பதுதான் அன்றுவரை என் அரசியல். உள்ளே நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. கதிரையில் சரிந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு காலையில்தான் வந்திருந்தார். பெரிய மீசை, வெளிறிய முகம், வலது கைப் பெருவிரலில் ஒரு தேசிக்காய்.

ஆம், முழுத் தேசிக்காய், எலுமிச்சம்பழமேதான். ஒரு பக்கம் குடைந்து விரலில் தொப்பி மாதிரிச் செருகியிருந்தார். நகச்சுற்றுக்கு எங்கள் ஊரிலும் அதுதான் வைத்தியம். அவர் அந்தக் கையை நீட்டி ஆணையிடும்போதெல்லாம் தேசிக்காய் என் முகத்துக்கு நேரே வந்து ஆடியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடமாகத் தெருத் தெருவாகத் தேடின கிருமி, மீசையும் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

சமையல்காரரின் கையைச் சோதிக்க வேண்டும் என்று பி.எச்.ஐ. சுகாதாரத் திணைக்களத் தாளைக் காட்டிக் கேட்டார். ஐந்து நிமிடம் தந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குந்தியிருந்தார். இடது கண் வீங்கி மூடிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. இரண்டு கைகளையும் கம்பிக்கு வெளியே நீட்டினார். நகம் ஒட்ட வெட்டின கை. கீறலில்லை, கொப்புளமில்லை. நான் தமிழில் பேசியதும் அவர் கேட்ட முதல் கேள்வி தன்னை எப்போது விடுவார்கள் என்பதல்ல.

"மிஸ், சோத்துல என்னதான் இருந்துச்சு? நான் நல்லாத்தானே ஆக்குனேன்."

"தட்டிலை கொட்டினாப் பிறகு ஆர் அமுக்கினது?" என்று மெல்லக் கேட்டேன்.

"நான்தான் வாழையிலையை வச்சுத் தட்டப் போனேன். இந்த ஸ்டேசன் பெரியய்யா வந்து இலையைப் புடுங்கிட்டாரு. ஒங்க ஆளுங்களுக்கு இது வராது, இது எங்க சோறுன்னு கையாலேயே தட்டுனாரு. ஆறு தட்டையும்."

"விரலிலை தேசிக்காய் இருந்ததோ?"

"அதைக் கழட்டிப் பக்கத்துல வச்சிட்டுத்தான் தட்டுனாரு மிஸ்."

பி.எச்.ஐ. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கேளாதவர் மாதிரி நின்றார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது.

"அவர் தொட முந்தி எடுத்து வைச்சது எங்கையாவது இருக்கோ?"

வீங்காத கண்ணால் என்னைப் பார்த்தார். "சாமிக்கு வச்சது இருக்குமே. பானையிலருந்து மொத அகப்பை சாமிக்குத்தானே. நானே எடுத்துச் சின்னத் தட்டுல போட்டு, அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சேன். அதுக்கப்புறந்தான் பெரியய்யா வந்தாரு."

நிலையத்தின் முன்பக்கத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு புத்தர் சிலை. அதன் முன்னால் ஒரு பீங்கான் தட்டு. வழக்கப்படி மத்தியானம் திரும்பினதும் அதை எடுத்துக் காகத்துக்குப் போட்டிருக்க வேண்டும். எடுக்க வேண்டிய கொன்ஸ்டபிள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண்ணாடிக் கதவு சாத்தியபடி, ஒரு நாள் முழுக்க, எவர் கையும் படாமல், அதே பானைச் சோறு அங்கே இருந்தது. எந்த ஆய்வுகூடத்திலும் இதைவிட ஒழுங்காக ஒரு மாதிரியை எடுத்து வைக்க மாட்டார்கள்.

கேட்டதும் ஓ.ஐ.சி. கதிரையில் நிமிர்ந்தார். புத்தருக்கு வைத்ததைத் தமிழச்சி எடுத்துப் போவதா? காகத்துக்குப் போடுவதைத்தானே கேட்கிறேன் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பி.எச்.ஐ. என்னை முந்திக்கொண்டார். அழகான சிங்களத்தில், மிகுந்த கவலையோடு, "சேர், அந்தத் தட்டிலும் நஞ்சு இருந்தால் அது பொலிசுக்கு மட்டும் செய்த துரோகம் இல்லை. புத்த சாசனத்துக்கே செய்தது. வழக்கு எவ்வளவு பெரிதாகும் என்று யோசித்துப் பாருங்கள்" என்றார்.

ஓ.ஐ.சி. யோசித்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு பதவி உயர்வின் வெளிச்சம் அடித்தது. தேசிக்காயை ஆட்டி, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

வெளியே வந்து மோட்டார்சைக்கிளைக் கிளப்பும்போது பி.எச்.ஐ. சொன்னார்: "அல்லாஹ் மன்னிப்பான் மிஸ். அந்த வெரலையும் ஒருக்காத் தடவி எடுத்திருந்தா வேல முடிஞ்சிருக்கும்."

"நீங்கள் கேட்டிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே."

தடவி எடுக்கிற பஞ்சுக் குச்சி என் கைப்பையில்தான் இருந்தது. ஒரு டசின்.

பிறகு இரண்டு நாள் காத்திருப்பு. கிருமியை அதட்டி வளர்க்க முடியாது. முட்டை மஞ்சட்கரு சேர்த்துச் செய்த, கிருமி வளர்க்கும் வெளிர்மஞ்சள் ஊடகத்தில் சோற்றைக் கரைத்துத் தடவி, சூட்டுப் பெட்டியில் வைத்தேன். கறண்ட் போனபோது சுடுதண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினேன். போத்தல் ஆறியபோது கிண்ணங்களை இடுப்பில் கட்டினேன். நான் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த மனிதர் அடி வாங்கிக்கொண்டிருப்பார் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அதற்குள் ஊர் முழுக்கக் கதை பரவியிருந்தது. தமிழர் தண்ணீர்த் தாங்கியில் நஞ்சு கலக்கப் போகிறார்களாம். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, மூன்று வருடமாக என் கையால் ரசம் வாங்கிக் குடித்தவர், அந்த வாரம் தனக்கு நெஞ்செரிச்சல் என்று சொல்லிவிட்டார். தண்ணீர்ப் பானையைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, பானையை உதைக்க வேண்டும் போலவும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை.

புதன்கிழமை பின்னேரம் பார்த்தேன். விருந்துத் தட்டுச் சோறு தடவிய கிண்ணங்கள் முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு தெளிந்த வளையம். சார்ஜன்டின் வாந்தியிலும் அதேதான். முயல் இரத்தத்தின் தெளிநீரில் போட்டதும் அது தயிர்போல உறைந்தது. சந்தேகமேயில்லை, என் கிருமிதான். புத்தருக்கு வைத்த தட்டில் புளித்த சோற்றில் வரும் சாதாரணச் சில்லறைகள் இருந்தன. கறுப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லை. கூடுதல் நேரம் கிடந்தும் இல்லை. அந்தச் சோறு சமையல்காரரின் கையை விட்டுப் போகும்போது சுத்தமாக இருந்தது. நான் எழும்பி, யாருமில்லாத ஆய்வுகூடத்தில் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தேன்.

அறிக்கையை அன்றே தட்டச்சு செய்தேன். இரண்டு பந்தி. முதலாவது, இது நஞ்சு வைத்ததல்ல, கிருமி. இரண்டாவது, பானையில் இருந்தபோது கிருமி இல்லை, தட்டில் அமுக்கிய பிறகுதான் வந்தது. பேராசிரியர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"இந்த அறிக்கை யாருடைய கைக்கு முதலில் போகும்?" என்று கேட்டார்.

"ஓ.ஐ.சி.யின் கைக்கு."

"அந்தக் கைக்கா?"

அவரிடம் தேசிக்காய்க் கதை முழுக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாவது பந்தியைப் பார்த்தால் அந்த ஆள் இதைக் கிழித்துக் குப்பையில் போடுவார், முதலாவது பந்தியும் அதோடு போகும், சமையல்காரரைக் கொழும்புக்குக் கொண்டுபோவார்கள், பிறகு அவரை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்றார். முதலாவது பந்தி மட்டும் போனால் கொழும்புப் பெரியவரும் திருப்தி, கதை முடியும், மனிதன் வீட்டுக்குப் போவான். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முயன்றேன். கிடைக்கவில்லை. அவர் பயத்தில் சொன்னாரா புத்தியில் சொன்னாரா என்று இன்றும் தெரியாது. அது எனக்கு வசதியாக இருந்தது என்று மட்டும் தெரியும். இரண்டாவது பந்தியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் "உணவைக் கையாண்டவரின் கையிலிருந்து கிருமி தொற்றியிருக்கலாம்" என்று ஒரு வரி போட்டேன். அந்த வரியைத் தட்டச்சு செய்தது என் விரல்கள்தான்.

வெள்ளிக்கிழமை சமையல்காரரை விட்டார்கள். விடும்போது ஓ.ஐ.சி. அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சொற்பொழிவு செய்தாராம். பயங்கரவாதி அல்ல, வெறும் ஊத்தைக் கைக்காரன், கம்பஸ்காரர்களே எழுதித் தந்திருக்கிறார்கள் என்று. பி.எச்.ஐ. வந்து சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டப்படி அவரும் ஒரு கடிதம் எழுதவேண்டி வந்தது. மறு அறிவித்தல்வரை இன்னார் பொது விசேஷங்களுக்குச் சமைக்கக் கூடாது என்று.

இரண்டு மாதம் கழித்துச் சமையல்காரர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். கண் வீக்கம் வற்றியிருந்தது. ஒரு பக்கம் இரண்டு பல்லைக் காணவில்லை. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"மிஸ், புலின்னு சொல்லிப் புடிச்சப்போகூட ஒண்ணும் கெட்டுப்போகல. வெளியே வந்தா நாலு பேரு பாவம்னுவான், கலியாணத்துக்குக் கூப்புடுவான். கை அழுக்குன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே. இப்ப டீ ஆத்தக்கூட ஒருத்தனும் கூப்புடல."

"நான் உங்கடை கை எண்டு எழுதேல்லை."

"கையாண்டவன்னு எழுதுனீங்களாமே. ஆக்குறவன் நான், பின்ன யாரு கை?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. எடுத்துவிட்ட பந்தி இழுப்பறையில்தான் கிடந்தது. அதை எடுத்து முழுவதையும் அவருக்குத் தமிழில் சொன்னேன். சாமித் தட்டில் ஒன்றுமில்லை என்றும், தெரிந்துகொண்டே அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன் என்றும், பயம்தான் காரணம் என்றும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என் கையைச் சோதிச்சுப் பாருங்க" என்றார்.

"தேவையில்லை, எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியணும் மிஸ்."

அதே ஊடகக் கிண்ணமொன்றை வைத்தேன். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகப் பதித்தார். பிறகு மற்றக் கை. ஒப்பிட ஒன்று வேண்டுமே என்று பழக்கதோஷத்தில் என் விரல்களையும் இன்னொரு கிண்ணத்தில் பதித்தேன். நாளை மறுநாள் வரச் சொன்னேன். நாவலப்பிட்டியிலிருந்து திரும்பவும் இரண்டு பஸ் ஏறி வந்தார்.

அவருடைய கிண்ணங்களில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. என்னுடையதில் இரண்டு கறுப்புப் பொட்டு, அழகான வளையத்தோடு. எத்தனையோ பேருடைய மூக்கில் குடியிருப்பது என்னுடையதை மட்டும் விட்டுவைக்குமா?

"இது யாரு கை மிஸ்?"

"என்ர."

அவர் சிரித்தார். பல் போன இடம் தெரிய, வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. வெட்கமாக இருந்தது. சரி, எடுத்துவிட்ட பந்தியையும் சேர்த்து, என் கையெழுத்தோடு ஒரு கடிதம் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள், வருவது வரட்டும் என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"வெளியில காட்ட முடியாது மிஸ்" என்றார். "என் கை சுத்தம்னா, அப்ப யாரு கைன்னு கேப்பாங்க. திரும்ப அங்கதான் இழுத்துட்டுப் போவாங்க."

"அப்ப இதெல்லாம் ஏன்?"

"பொஞ்சாதிக்கு மிஸ். நான் தொட்ட பானையை எனக்குத் தெரியாம இன்னொருக்காக் கழுவுறா. ஒண்ணும் சொல்ல மாட்டா, கழுவுவா. புள்ளைங்களுக்கு நான் சோறு பிசைஞ்சா, அம்மா தாறேன் வாங்கன்னு கூப்புட்டுக்கிறா. அவளுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. தமிழ்ல எழுதித் தாங்க."

ஆய்வுகூடத்து அறிக்கை ஒன்றை நான் அதுவரை தமிழில் எழுதியதில்லை. இரண்டு தாளைக் கிழித்தேன். எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் கிடந்தன. கடைசியில் அவர் பெயரை எழுதி, கீழே மூன்று வரி எழுதினேன். இவருடைய இரண்டு கைகளையும் சோதித்துப் பார்த்தேன். கெட்ட கிருமி எதுவும் இல்லை. இவர் சமைத்ததை நம்பிச் சாப்பிடலாம். கையெழுத்துப் போட்டேன். பேராசிரியரைக் கேளாமல் அவருடைய அலுமாரியிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

தாளை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. கையை உடுத்திருந்த சாரத்தில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.